குமாஸ்தா வேலை

போன மாதம் ஒரு மாணவி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். எம்.எஸ்ஸி. உயிர்தகவலியல் முடித்தவர். கையில் இரண்டு வாய்ப்புகள். ஒன்று, ஆய்வகம் ஒன்றில் பிஎச்.டி. இன்னொன்று, புரதத் தரவுத்தளம் ஒன்றில் வேலை. வெளியாகும் ஆய்வுக்கட்டுரைகளைப் படித்து, எந்தப் புரதம் என்ன செய்கிறது, அதற்குச் சான்று என்ன என்று சரிபார்த்துப் பதிய வேண்டும். அவருக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் அவருடைய பேராசிரியர், "அது குமாஸ்தா வேலைம்மா. அதுக்கா இவ்வளவு படிச்சே?" என்று சொல்லிவிட்டாராம். "நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்று கேட்டிருந்தார்.

நான் உடனே பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோது, இதே கேள்வி 1969ஆம் ஆண்டில் ஒரு பெண்மணியின் முன் வந்து நின்றது ஞாபகத்துக்கு வந்தது. அவருக்குக் கிடைத்த பதிலும் ஏறக்குறைய இதுதான். அவர் பெயர் மார்கரெட் டேஹாஃப். இன்று உயிர்தகவலியல் என்று நாம் சொல்லும் துறையின் தாய் என்று பலரும் குறிப்பிடுவது இவரைத்தான். எனவே அந்த மாணவிக்கு எழுத வேண்டிய பதிலை, கொஞ்சம் நீட்டி, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

துளை அட்டையில் தொடங்கியது

மார்கரெட் ஓக்லி 1925இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து 1945இல் பட்டம் பெற்றார். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிம்பல் என்ற வேதியியலாளரிடம் முனைவர் பட்ட ஆய்வு. கரிம மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிடுவதுதான் தலைப்பு. கையால் போட்டால் மாதக்கணக்கில் இழுக்கும் கணக்கு. அவர் என்ன செய்தார் என்றால், அலுவலகங்களில் சம்பளக் கணக்குக்கும் சரக்குக் கணக்குக்கும் பயன்பட்டுவந்த துளை அட்டை இயந்திரங்களை வேதியியலுக்குத் திருப்பினார். 1948இல் முனைவர் பட்டம். அதே ஆண்டு எட்வர்ட் டேஹாஃப் என்ற இயற்பியலாளருடன் திருமணம்.

அதற்குப் பிறகு நம்ம ஊரிலும் பழக்கமான கதைதான். ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் வேலை, கணவருக்காக வாஷிங்டன் பக்கம் குடிபெயர்வு, இரண்டு பெண் குழந்தைகள், ஆய்வில் சில ஆண்டுகள் இடைவெளி. 1950களின் இறுதியில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் மறுபடி ஆய்வுக்குள் நுழைந்தார். 1960இல் ராபர்ட் லெட்லி என்பவர் தொடங்கிய தேசிய உயிர்மருத்துவ ஆய்வு அறக்கட்டளையில் இணை இயக்குநராகச் சேர்ந்தார். லெட்லி ஒரு விசித்திரமான மனிதர். பல் மருத்துவம் படித்து, பிறகு இயற்பியலுக்குப் போய், மருத்துவத்துக்குள் கணினியைக் கொண்டுவர வேண்டும் என்று அலைந்தவர். முழு உடலையும் படம்பிடிக்கும் சி.டி. ஸ்கேனரை 1970களில் உருவாக்கியதும் இவரே.

அந்த அறக்கட்டளை பெரிய பல்கலைக்கழகத் துறை இல்லை. நிரந்தரப் பேராசிரியர் பதவி என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு முறையும் மானியத்துக்கு விண்ணப்பம் போட்டு, வந்த பணத்தில் ஓட்ட வேண்டும். டேஹாஃப் தன் வாழ்நாள் வேலை முழுவதையும் செய்தது இப்படிப்பட்ட ஒரு இடத்தில் இருந்துதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கிழிந்த வாக்கியத்தை ஒட்டுவது

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோத்தது. எந்த வரிசையில் கோத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது அன்றைக்குப் பெரிய வேலை. ஃப்ரெட் சேங்கர் இன்சுலினின் 51 அமினோ அமிலங்களை வரிசைப்படுத்தப் பத்தாண்டு பாடுபட்டார். அதற்காகவே 1958இல் நோபல் பரிசு வாங்கினார்.

சிக்கல் எங்கே என்றால், நீளமான சங்கிலியை ஒரே மூச்சில் படிக்க முடியாது. நொதிகளைப் போட்டு வெட்டி, துண்டுதுண்டாகப் படிக்க வேண்டும். பிறகு துண்டுகளைச் சேர்க்க வேண்டும். ஒரு எடுத்துக்காட்டு. ஒரே வாக்கியத்தின் இரண்டு பிரதிகளை வெவ்வேறு இடங்களில் கிழித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் பிரதியில் கிடைத்தவை: "வாங்கினாள்", "அம்மா நேற்று", "சந்தையில் கத்தரிக்காய்". இரண்டாம் பிரதியில் கிடைத்தவை: "கத்தரிக்காய் வாங்கினாள்", "அம்மா", "நேற்று சந்தையில்". ஒன்றின் மேல் ஒன்று படியும் இடங்களைப் பார்த்தால் முழு வாக்கியமும் கிடைத்துவிடும். ஐந்து சொல்லுக்கு இது விளையாட்டு. நூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்களுக்கு, அதுவும் சில துண்டுகளின் உள்வரிசை தெரியாத நிலையில், தலைவலி.

இந்த வேலையைக் கணினிக்குக் கொடுக்கலாம் என்று டேஹாஃப்பும் லெட்லியும் ஒரு நிரல் எழுதினார்கள். ஐ.பி.எம். 7090 இயந்திரத்தில் ஓடிய அதன் பெயர் காம்புரோட்டீன். 1962 டிசம்பரில் ஒரு கணினி மாநாட்டில் அதை வெளியிட்டார்கள். இன்று மரபணுத் தொகுதிகளைத் துண்டுகளிலிருந்து கோக்கும் மென்பொருள்கள் எல்லாம் அதே யோசனையின் பேரப்பிள்ளைகள்தான். ஆச்சரியம் என்னவென்றால், "உயிர்தகவலியல்" என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. அந்தச் சொல்லை நெதர்லாந்தின் பௌலின் ஹோகவெக்கும் பென் ஹெஸ்பரும் 1970இல்தான் உருவாக்கினார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும், சி. ராமகிருஷ்ணனும், வி. சசிசேகரனும் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1963இல் வந்த அந்தக் கட்டுரையின் படம்தான் இன்றும் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் ராமச்சந்திரன் வரைபடம். புதிதாகக் கண்டறியும் புரத வடிவம் சரிதானா என்று பார்க்க இன்றும் அதில் வைத்துத்தான் பார்க்கிறோம். சோதனைக்குழாயைத் தொடாமல் உயிரியலில் பெரிய உண்மை ஒன்றைச் சொல்லிவிட முடியும் என்பதற்கு வாஷிங்டன் பக்கம் ஒரு சாட்சி, சென்னையில் ஒரு சாட்சி.

அறுபத்தைந்து புரதங்கள்

நிரல் இருந்தால் போதுமா? ஒப்பிட்டுப் பார்க்கத் தரவு வேண்டாமா? வரிசைகள் எல்லாம் வெவ்வேறு இதழ்களில், வெவ்வேறு வடிவங்களில் சிதறிக் கிடந்தன. டேஹாஃப் அவற்றைத் திரட்ட ஆரம்பித்தார். கூட ரிச்சர்ட் எக், மேரி சாங், மின்னி சோச்சார்ட். 1965இல் "புரத வரிசை மற்றும் வடிவ அட்லஸ்" என்ற புத்தகம் வந்தது. அதில் மொத்தம் 65 புரதங்கள். அவ்வளவுதான்! அன்றைய மனித குலத்துக்குத் தெரிந்த புரத வரிசைகள் ஏறக்குறைய எல்லாமே ஒரு மெல்லிய புத்தகத்துக்குள் அடங்கிவிட்டன.

இதில் குமாஸ்தா வேலை எது, ஆய்வு எது என்று பிரித்துக் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாது. ஒரே புரதத்துக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு வரிசை சொல்லும். எது சரி என்று முடிவெடுக்க வேண்டும். அச்சுப்பிழையா உண்மையான வேறுபாடா என்று பார்க்க வேண்டும். எதை எதோடு ஒப்பிடுவது என்று தீர்மானிக்க வேண்டும். வேதியியல் தெரியாதவர் இதைச் செய்ய முடியாது.

நாம் இன்று மூச்சு விடுவதுபோலப் பயன்படுத்தும் ஒற்றை எழுத்துக் குறியீடும் இங்கேதான் உருவானது. அதற்கு முன் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் மூன்று எழுத்து. துளை அட்டையில் இடம் விலை மதிப்புள்ளது. மூன்றை ஒன்றாக்கினால் கோப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆனால் இருபது பெயர்களுக்கு முதலெழுத்துகள் மோதிக்கொள்ளுமே? மோதாத ஆறு பெயர்களுக்கு அவற்றின் முதலெழுத்து. மோதிய இடங்களில் அலனின், கிளைசின், லூசின், புரோலின், திரியோனின் ஆகிய ஐந்துக்கு முன்னுரிமை. மீதிக்குக் காதில் விழும் ஒலியை வைத்துக்கொண்டார்கள். ஃபினைலலனினுக்கு எஃப், ஆர்ஜினினுக்கு ஆர், டைரோசினுக்கு ஒய். டிரிப்டோஃபனின் மூலக்கூறில் இரட்டை வளையம் இருப்பதால் இரட்டையான டபிள்யூ. லைசினுக்கு, எல் ஏற்கெனவே போய்விட்டதால், அதற்குப் பக்கத்து எழுத்தான கே. வகுப்பில் மனப்பாடம் செய்யும்போது திட்டாத மாணவன் கிடையாது. ஆனால் யோசித்துப் பாருங்கள், இன்று உலகத்தில் இருக்கும் ஒவ்வொரு புரதக் கோப்பும் அந்த மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1968இல் சர்வதேச அமைப்புகளும் அதை ஏற்றுக்கொண்டன.

"இது உங்கள் சொந்த ஆய்வா?"

இப்போது 1969க்கு வருவோம். அமெரிக்க உயிர்வேதியியலாளர் சங்கத்தில் உறுப்பினராக முடியுமா என்று டேஹாஃப் விசாரித்தார். அன்று அந்தச் சங்கத்தில் யார் வேண்டுமானாலும் சேர்ந்துவிட முடியாது. தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். ஹார்வர்டின் மூத்த உயிர்வேதியியலாளர் ஜான் எட்சால் அவருக்குப் பதில் எழுதினார். கெட்ட எண்ணத்தில் எழுதப்பட்ட கடிதம் இல்லை. நீங்கள் உறுப்பினராக வேண்டியவர் என்றே நான் நினைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஆனால் வாய்ப்பு எப்படியோ என்று இழுத்தார். காரணம், தன்னுடையது என்று தெளிவாகச் சொல்லக்கூடிய சொந்த ஆய்வு இருந்தால்தான் குழு ஏற்கும். அட்லஸ் தொகுத்தது அந்த அச்சுக்குள் சரியாகப் பொருந்தவில்லை.

இத்தனைக்கும் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள் பலர் அந்த அட்லஸைத் தங்கள் மேசையில் வைத்திருந்திருப்பார்கள். பயன்படுத்த வேண்டும், ஆனால் ஆய்வு என்று சொல்லக் கூடாது. மாணவியே, உங்கள் பேராசிரியர் சொன்னதற்கு வயது ஐம்பதுக்கும் மேல்.

ஏன் அப்படி? ஒன்று, சோதனை அறிவியலின் பழைய மரபு. நீ கண்டுபிடித்தது உன்னுடையது, அதன் பெருமையும் உன்னுடையது. அடுத்தவர் கண்டுபிடித்ததைத் திரட்டுபவருக்கு அதில் என்ன பங்கு? சொல்லப்போனால் சிலருக்குச் சந்தேகம்கூட இருந்தது. ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு எடுத்த வரிசையை இவரிடம் கொடுத்தால், அதை வைத்து இவரே பரிணாமக் கட்டுரை எழுதிவிடுவாரே! எக்கும் டேஹாஃப்பும் 1966இல் ஃபெரடாக்சின் புரதத்தின் பரிணாமத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பழமையான அந்தப் புரதம் ஒரு சின்னத் துணுக்கு திரும்பத் திரும்பச் சேர்ந்து வளர்ந்தது என்பது அவர்கள் வாதம். தரவு பிறருடையது, கருத்து இவர்களுடையது. சோதனைக்காரருக்கு உறுத்தாமல் இருக்குமா?

எண்ணிப் பார்த்ததால் கிடைத்த அட்டவணை

தொகுப்பவருக்கு மட்டுமே கிடைக்கும் ஒரு பார்வை உண்டு. அதற்கு அத்தாட்சி பாம் அட்டவணை. இரண்டு புரதங்கள் உறவா இல்லையா என்று எப்படிச் சொல்வது? எழுத்துகள் எத்தனை பொருந்துகின்றன என்று எண்ணினால் போதாது. சில அமினோ அமிலங்கள் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று எளிதாக வந்து உட்காரும், புரதம் கெடாது. சில மாறினால் உயிரே போகும். எது எளிது, எது அரிது என்று கோட்பாட்டிலிருந்து சொல்வது கடினம்.

டேஹாஃப் குழு எண்ணியது. நெருங்கிய உறவுள்ள 71 புரதக் குழுக்களை எடுத்து, இயற்கை ஏற்றுக்கொண்ட 1,572 மாற்றங்களைக் கணக்கெடுத்தது. அதிலிருந்து, நூற்றுக்கு ஒரு மாற்றம் நடக்கும் காலத்தில் எது எதுவாக மாறும் என்ற வாய்ப்பு அட்டவணை. அந்த அட்டவணையைத் தன்னோடு தானே பலமுறை பெருக்கினால் தூரத்து உறவுகளுக்கான அட்டவணை கிடைக்கும். 1978இல் வந்த அட்லஸ் இணைப்பில் இந்தக் கணக்கு முழு வடிவம் பெற்றது. பின்னால் 1992இல் ஹெனிகாஃப் தம்பதி பிளோசம் அட்டவணைகளைக் கொண்டுவந்தார்கள். இன்று பிளாஸ்ட் தேடலில் தானாக வருவது அதுதான். ஆனால் இயற்கை செய்ததை எண்ணி மதிப்பெண் கொடு என்ற வழியைப் போட்டவர் டேஹாஃப். அட்லஸ் இல்லாமல் அந்த 1,572 எங்கிருந்து வரும்? குமாஸ்தா வேலையின் பலன் இது.

தோல்வி

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை.

1977க்குப் பிறகு டி.என்.ஏ. வரிசைகளைப் படிப்பது எளிதாகிவிட்டது. தரவு கொட்டியது. ஒரு தேசியத் தரவுத்தளம் வேண்டும் என்று அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் முடிவு செய்தன. டேஹாஃப் விண்ணப்பித்தார். 1980லேயே தொலைபேசி வழியாகக் கணினியை இணைத்துத் தன் தரவைப் பார்க்க வழி செய்தவர் அவர். அனுபவத்தில் அவருக்கு நிகர் யாருமில்லை. ஆனால் 1982 ஜூனில் ஒப்பந்தம், போல்ட் பெரனெக் நியூமன் நிறுவனத்துக்கும் அதோடு சேர்ந்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் வால்டர் கோட் குழுவுக்கும் போனது. அதுதான் ஜென்பேங்க்.

காரணங்களில் முக்கியமானது இது. டேஹாஃப்பின் அட்லஸ் விலைக்கு விற்கப்பட்டது, காந்த நாடாவில் வாங்கியவர் அதை மற்றவருக்குக் கொடுக்கக் கட்டுப்பாடு இருந்தது. கோட் குழு எல்லாருக்கும் தாராளம் என்றது. அந்த விஷயத்தில் கோட் பக்கம்தான் நியாயம் என்று நானும் நினைக்கிறேன். பொதுப்பணத்தில் எடுத்த தரவு பொதுவில்தான் இருக்க வேண்டும். ஆனால் டேஹாஃப் ஏன் விற்றார்? நிரந்தரப் பணம் இல்லாததால். மானியம் நின்றுபோனால் அட்லஸும் நின்றுவிடும் என்ற பயத்தில். தொகுப்பது ஆய்வு இல்லை என்று சொல்லி ஒழுங்காகப் பணம் கொடுக்காமல் விட்டவர்களே, பிறகு நீ ஏன் விற்றாய் என்று கேட்டால் அது என்ன நியாயம்?

1982 டிசம்பரில் ஜென்பேங்கில் இருந்தவை 606 வரிசைகள். அடுத்த இரண்டு மாதத்துக்குள், 1983 பிப்ரவரி 5ஆம் தேதி, மார்கரெட் டேஹாஃப் மாரடைப்பில் இறந்தார். வயது 57.

அதே ஆண்டு கோடையில் ஒரு செய்தி வந்தது. குரங்குகளுக்குப் புற்றுநோய் தரும் ஒரு வைரஸின் மரபணுவும், நம் உடலில் இயல்பாக இருக்கும் ஒரு வளர்ச்சிக் காரணியும் ஏறக்குறைய ஒன்றே என்று ரஸ்ஸல் டூலிட்டில் குழுவும், தனியாக மைக்கேல் வாட்டர்ஃபீல்ட் குழுவும் கண்டார்கள். புற்றுநோய் எப்படித் தூண்டப்படுகிறது என்பதற்கே ஒரு புதிய வாசல் திறந்தது. அந்த ஒற்றுமை தெரிந்தது நுண்ணோக்கியில் இல்லை, வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்ததில். டூலிட்டில் தானே வைத்திருந்த தரவுத்தளத்தின் பெயர் நியூவாட். அதாவது புதிய அட்லஸ்.

பின்னால் வந்தவர்கள்

டேஹாஃப்பின் தொகுப்பு 1984இல் அரசு உதவியோடு பி.ஐ.ஆர். என்ற பெயரில் தொடர்ந்தது. 1986இல் ஜெனீவாவில் அமோஸ் பைரோச் என்ற இளைஞர் அந்தத் தரவையும் எடுத்துச் சீர்படுத்தி ஸ்விஸ்-புராட் என்ற தரவுத்தளத்தைத் தொடங்கினார். பத்தே ஆண்டில் அவருக்கும் அதே நிலைமை. 1996இல் பணம் தீரப்போகிறது, மூட வேண்டியிருக்கும் என்று இணையத்தில் எல்லாருக்கும் முறையீடு எழுதினார். உலகம் முழுவதிலுமிருந்து ஆதரவுக் கடிதங்கள் குவிந்தன. அதன் பலனாக 1998இல் சுவிட்சர்லாந்தில் உயிர்தகவலியலுக்கென்றே ஒரு நிறுவனம் உருவானது. 2002இல் பி.ஐ.ஆரும் ஸ்விஸ் நிறுவனமும் ஐரோப்பிய உயிர்தகவலியல் நிறுவனமும் சேர்ந்து யூனிபுராட் ஆனது. அதில் மனிதர்கள் படித்துச் சரிபார்த்த பதிவுகள் மட்டும் ஐந்தரை லட்சத்துக்கு மேல். 65இல் தொடங்கியது!

2024இல் வேதியியல் நோபல் பரிசின் பாதி, புரத வடிவங்களைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் போனது. தகுதியான பரிசுதான். ஆனால் அந்த நிரல் கற்றது எதிலிருந்து? 1971இல் ஏழே வடிவங்களோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியிலிருந்து. உறவுக்காரப் புரதங்களைத் தேடுவது எங்கே? டேஹாஃப் வழிவந்த வரிசைத் தரவுத்தளங்களில். அரை நூற்றாண்டாகப் பெயர் தெரியாத எத்தனையோ பேர் ஒவ்வொரு பதிவையும் திருத்தித் திருத்தி வைத்திருக்காவிட்டால் எந்த இயந்திரமும் எதையும் கற்றிருக்காது.

இனி மாணவிக்கு. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பிஎச்.டி. இல்லாமல் சில கதவுகள் திறக்காது. தரவுத்தள வேலையில் மூன்றாண்டு, ஐந்தாண்டு ஒப்பந்தங்கள்தான் அதிகம். மானியம் போனால் வேலை போகும். டேஹாஃப்புக்கும் பைரோச்சுக்கும் நடந்தது உங்களுக்கும் நடக்கலாம். சேரும் முன் பணம் எங்கிருந்து வருகிறது, எத்தனை ஆண்டுக்கு என்று கேளுங்கள். வெளியாகும் கட்டுரைகளில் உங்கள் பெயர் இருக்குமா என்று கேளுங்கள். அங்கிருந்தபடியே பிஎச்.டி. பதிவு செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். இதையெல்லாம் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இப்போது இந்த வேலைக்கு ஒரு பெயராவது வந்துவிட்டது. உயிர்த்தரவுத் தொகுப்பாளர்களுக்குச் சர்வதேசச் சங்கம் இருக்கிறது, அவர்களுக்கென்று மாநாடும் இதழ்களும் இருக்கின்றன. டேஹாஃப்புக்கு அது எதுவும் இல்லை. பிற்காலத்தில் உயிர்இயற்பியல் சங்கம் அவரைத் தலைவராக்கியது, அவர் இறந்தபின் இளம் பெண் ஆய்வாளர்களுக்கு அவர் பெயரில் விருதும் வைத்தது.

உங்கள் பேராசிரியரிடம் சண்டை போட வேண்டாம். அவர் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார், எட்சால் மாதிரி. அடுத்த முறை அவர் ஏதாவது ஒரு புரதத்தைத் தேட யூனிபுராட் பக்கத்தைத் திறக்கும்போது மட்டும், "சார், இந்த வரியை எழுதினது யாரா இருக்கும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.